தக்காளியில் இலைச்சுருள் வைரஸ் எதிர்ப்பை மார்க்கர் துணையுடன் ஏற்றுதல்: முழுமையான வழிகாட்டி

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸைத் தாங்கும் மரபணுக்களை, விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ஒரு தக்காளி இரகத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை இந்த வழிகாட்டி வரிசையாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 இரகத்தில் டிஒய்-2, டிஒய்-3 ஆகிய இரு மரபணுக்களையும் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதுகலை மாணவர்களும் சிறு விதை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இந்த வேலையைத் தொடங்குவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலோர் தடுமாறுவது ஆய்வகத்தில் அல்ல. முதல் கலப்புக்கு முன் முடித்திருக்க வேண்டிய சோதனைகளைக் கலப்புக்குப் பின் தள்ளிப்போடுவதில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. அதனால் முதல் ஐந்து பகுதிகளும் கலப்புக்கு முந்தைய வேலைகளைப் பற்றியே பேசும்.

இது மரபணு மாற்றப் பயிர் அல்ல. மகரந்தச் சேர்க்கையால் பிறக்கும் நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது என்பதை மார்க்கர் என்ற டிஎன்ஏ அடையாளம் பார்த்து முடிவு செய்கிறோம், அவ்வளவுதான். மரபணு மாற்றப் பயிர்களுக்கான அனுமதிகள் எதுவும் இதற்குத் தேவையில்லை.

1. உங்கள் வயலில் இருப்பது எந்த வைரஸ் என்று உறுதி செய்யுங்கள்

இலைச்சுருள் என்பது ஒரே வைரஸின் வேலை அல்ல. தென்னிந்தியாவில் நீண்டகாலமாகப் பேசப்படுவது தக்காளி இலைச்சுருள் பெங்களூரு வைரஸ். அதன் மரபுத்தொகுதி ஒரே வட்ட டிஎன்ஏ. வட இந்தியாவில் மிகுந்திருக்கும் தக்காளி இலைச்சுருள் நியூ டெல்லி வைரஸுக்கு ஏ, பி என்று இரண்டு வட்டங்கள் உண்டு. இந்த வடக்கு, தெற்குப் பிரிவை இன்று நம்ப முடியாது, ஏனெனில் நியூ டெல்லி வைரஸ் தமிழ்நாட்டிலும் பதிவாகியுள்ளது.

இதை முதலில் தெரிந்துகொள்வதற்குக் காரணம், எல்லா எதிர்ப்பு மரபணுவும் எல்லா வைரஸையும் தடுப்பதில்லை என்பதே. டிஒய்-2 ஒற்றை வட்ட வைரஸ்களுக்கு எதிராக நன்றாக வேலை செய்தாலும் நியூ டெல்லி வைரஸிடம் தோற்றுப்போகிறது. வாரணாசியில் உள்ள இந்திய காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், டிஒய்-2, டிஒய்-3 இரண்டையும் ஒரே செடியில் சேர்த்தபோது இருவகை வைரஸ்களுக்கும் எதிர்ப்பு கிடைப்பதைக் காட்டினார்கள். நாம் இரண்டு மரபணுக்களை எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

நோயுற்ற செடிகளின் இளம் இலைகளைப் பல ஊர்களிலிருந்து எடுத்து, இலைச்சுருள் வைரஸ்கள் அடங்கிய பெகோமோவைரஸ் குழுவுக்குரிய பொதுப் பிரைமர்களால் (பெருக்க வேண்டிய பகுதியில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பிசிஆர் என்ற டிஎன்ஏ பெருக்கும் முறையில் பெருக்கி, சில மாதிரிகளையாவது வரிசைப்படுத்திப் பாருங்கள். பி வட்டம் இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

இங்கே நேரும் பொதுவான தவறு ஒன்று உண்டு. நுனி கருகி, இலையில் வெண்கலநிறப் புள்ளிகள் தோன்றிச் சாகும் செடிகளையும் இலைச்சுருள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது இலைப்பேன் பரப்பும் நிலக்கடலை மொட்டுக்கருகல் வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். டிஒய் மரபணுக்கள் எதற்கும் அதன்மேல் செல்வாக்கு இல்லை. அந்த நோய் மிகுந்த பகுதிக்கு டிஒய் இரகம் கொடுத்தால், விவசாயி அதைத் தோல்வி என்றே சொல்வார், அது நியாயமும்கூட.

2. மரபணுக்களைத் தேர்ந்தெடுங்கள்

தக்காளியில் டிஒய்-1 முதல் டிஒய்-6 வரை பெயரிடப்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவற்றில் இந்த முடிவுக்கு வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

டிஒய்-2, சொலானம் ஹப்ரோகைடிஸ் என்ற காட்டினத்திலிருந்து வந்தது. 11-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் உள்ளது, ஓங்கு தன்மை கொண்டது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும். இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கிய எச் 24 என்ற வழியின் (மரபு நிலைத்த செடித்தொடரின்) மூலமாகவே இது உலகெங்கும் பரவியது.

டிஒய்-1, டிஒய்-3 இரண்டும் சொலானம் சிலென்ஸ் என்ற காட்டினத்தின் வெவ்வேறு சேகரிப்புகளிலிருந்து வந்தவை, 6-ஆம் குரோமோசோமில் உள்ளன. இவை இரண்டும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்பது 2013-இல் உறுதியாயிற்று. ஆகவே இரண்டையும் ஒரே தூய வழியில் நிலைநிறுத்த முயல்வது வீண்வேலை. ஒரே இடத்தில் ஒன்றுதான் உட்கார முடியும். இது தெரியாமல் மூன்று மரபணு அடுக்குத் திட்டம் எழுதி வருபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

டிஒய்-5 ஒடுங்கு தன்மை கொண்டது, 4-ஆம் குரோமோசோமில் உள்ளது. கலப்பின விதைத் தயாரிப்பில் இரு பெற்றோரிடமும் இருந்தால்தான் பயன் தரும். முதல் முயற்சிக்கு இதை விட்டுவிடலாம்.

டிஒய்-2 11-இலும், டிஒய்-3 6-இலும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் பிரிந்து செல்லும். பகுதி 5-இல் வரும் கணக்குகள் எல்லாம் இதை நம்பியே போடப்பட்டுள்ளன.

3. பெற்றோரைத் திரட்டுங்கள்

மீள்பெற்றோர் என்பது கடைசியில் நாம் திரும்பப் பெற விரும்பும் இரகம், இங்கே பிகேஎம் 1. அதன் விதையை வளர்ப்பாளர் விதையாகவோ, வெளியிட்ட நிறுவனத்திடமிருந்தோ வாங்குங்கள். கடைப் பொட்டல விதையில் கலப்பு இருந்தால், சில தலைமுறைகளுக்குப் பின் எதை மீட்டோம் என்றே தெரியாமல் போகும்.

எதிர்ப்பு மரபணுவைத் தரும் கொடைப் பெற்றோராக, காட்டினத்தை நேரடியாக எடுக்காதீர்கள். ஏற்கெனவே பயிர்த்தக்காளிக்குள் மரபணு நிலைநிறுத்தப்பட்ட வழிகள் உலக காய்கறி மையத்திடம் உள்ளன. தைவானில் தலைமையிடம் கொண்ட இந்த மையத்துக்கு ஐதராபாத்தில் கிளை உண்டு. வெளிநாட்டிலிருந்து விதை வர வேண்டுமானால், புதுதில்லியில் உள்ள தேசிய தாவர மரபு வளங்கள் பணியகத்தின் இறக்குமதி அனுமதியும் தொற்றுக்காப்புச் சோதனையும் கட்டாயம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

சந்தையில் 'வைரஸ் தாங்கும் கலப்பினம்' என்று விற்கும் விதையைக் கொடைப் பெற்றோராக எடுப்பவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, அத்தகைய கலப்பினங்கள் பலவற்றில் எதிர்ப்பு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்து ஒற்றைப் பிரதியாகவே இருக்கும். அதனால் அந்தச் செடியின் மகரந்தத்தில் பாதியில் அந்த மரபணு இருக்காது. இரண்டாவது, பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001 பதிவு செய்யப்பட்ட இரகத்தை ஆராய்ச்சிக்கும் புதிய இரகம் உருவாக்கும் தொடக்கப் பொருளாகவும் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் வணிக உற்பத்திக்காக அதையே மீண்டும் மீண்டும் பெற்றோராகப் பயன்படுத்த உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும்.

டிஒய்-2, டிஒய்-3 இரண்டும் இரட்டைப் பிரதியாக உள்ள ஒரே கொடைப் பெற்றோர் கிடைத்தால் ஒரு தலைமுறை மிச்சமாகும். கிடைக்காவிட்டால் இரு கொடையாளர்களை முதலில் தமக்குள் கலக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே பிகேஎம் 1-உடன் பிற்கலப்பு செய்து (கலப்பில் பிறந்த செடியை மீண்டும் மீண்டும் பிகேஎம் 1-உடனேயே கலந்து), இரண்டாம் பிற்கலப்பு முடிந்தபின் ஒன்றோடொன்று சேர்ப்பதையே நான் விரும்புவேன். இடம் அதிகம் தேவைப்படும். ஆனால் ஒரு வழி கெட்டாலும் மற்றது கையில் இருக்கும்.

4. மார்க்கர் உங்கள் பெற்றோரைப் பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள்

மரபணுக் குறிப்பான் என்ற மார்க்கர், பல நேரங்களில் மரபணுவே அல்ல, அதன் அருகில் உள்ள ஒரு டிஎன்ஏ துண்டு. 'வேப்பமரத்துக்கு அடுத்த வீடு' என்று அடையாளம் சொல்வது போன்றது அது. மரம் வீட்டை ஒட்டி இருக்கும்வரை அடையாளம் சரி. இடையில் தூரம் இருந்தால், குறுக்கேற்றத்தின்போது (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது) மரம் ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் போய்விடலாம்.

5 சென்டிமார்கன் தூரத்தில் உள்ள மார்க்கர், ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு ஐந்து முறை தவறான விடை தரும். நான்கு தலைமுறை அதை மட்டும் நம்பினால், கடைசியில் மார்க்கர் இருந்தும் மரபணு இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. இதைத் தவிர்க்க, மரபணுவுக்குள்ளேயே அமைந்த மார்க்கரோ, மரபணுவின் இருபுறமும் அமைந்த இரு மார்க்கர்களோ வேண்டும்.

பரவலாகப் பயன்படும் இரண்டைச் சொல்கிறேன். பட்டை என்பது பிசிஆரில் பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் தெரியும் கோடு, கார இணை என்பது அந்த டிஎன்ஏ-வின் நீள அலகு. டிஒய்-2-க்கு டி0302 என்ற மார்க்கர், எதிர்ப்புச் செடியில் சுமார் 900 கார இணை நீளப் பட்டையையும், நோய்வாய்ப்படும் செடியில் சுமார் 800 கார இணைப் பட்டையையும் தருகிறது. டிஒய்-3-க்கு பி6-25 என்ற மார்க்கர், நோய்வாய்ப்படும் செடியில் 320, டிஒய்-3 உள்ள செடியில் 450, வேறொரு சேகரிப்பிலிருந்து வந்த டிஒய்-3ஏ வடிவம் உள்ள செடியில் 630 கார இணை என மூன்று அளவுகளைத் தரும். 450 எதிர்பார்த்து 630 வந்தால் பிசிஆர் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. உங்கள் கொடையாளரின் காட்டுத்துண்டு, அதாவது காட்டினத்திலிருந்து வந்த டிஎன்ஏ துண்டு, வேறு மூலத்தைச் சேர்ந்தது என்றே பொருள்.

பிரைமர் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இரு பெற்றோரிலும் ஒவ்வொன்றிலிருந்து சில தனிச்செடிகளை எடுத்து ஓட்டிப் பார்ப்பது. பிகேஎம் 1-இலும் கொடையாளரிலும் பட்டை ஒரே அளவில் வந்தால், அந்த மார்க்கர் மற்ற ஆய்வகங்களில் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் உங்களுக்கு உதவாது. தனிச்செடிகளாக ஓட்டச் சொல்வதற்குக் காரணம், கொடையாளர் விதைப் பொட்டலத்துக்குள்ளேயே மரபணு இல்லாத செடிகள் கலந்திருப்பது உண்டு.

கொடையாளரின் எதிர்ப்பை உங்கள் ஊர் வைரஸுக்கு எதிராக இப்போதே சோதியுங்கள். முறை பகுதி 11-இல் உள்ளது. மார்க்கர் சரியாக இருந்து, கொடையாளரே உங்கள் வயலில் சுருண்டுபோனால், மீதி வேலை எதுவும் தேவையில்லை.

5. எத்தனை நாற்று வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

'முளைத்தவரை பார்ப்போம்' என்று விதைப்பது இந்த வேலையைப் பாதியில் நிறுத்தும். வேண்டிய செடி குறைந்தது ஒன்றாவது கிடைக்க 99 விழுக்காடு உறுதி வேண்டுமானால், சோதிக்க வேண்டிய நாற்றுகள் இவ்வளவு.

பிற்கலப்பில் ஒரு மரபணு வேண்டுமானால் 7 நாற்று. இரு மரபணுக்களும் ஒரே செடியில் வேண்டுமானால் 17. மூன்று என்றால் 35.

தற்சேர்க்கைத் தலைமுறையில் (செடி தன் மகரந்தத்தாலேயே விதை வைத்த தலைமுறையில்) ஒரு மரபணு இரட்டைப் பிரதியாக வேண்டுமானால் 17. இரு மரபணுக்களும் இரட்டைப் பிரதியாக வேண்டுமானால் 72.

இவை ஒரே ஒரு செடிக்கான குறைந்தபட்ச எண்கள். ஒரே செடியை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போவது ஆபத்து. அது வாடினால் அந்தப் பருவமே வீண். மேலும், மரபணு உள்ள செடிகளுக்குள் நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் இந்த எண்களைப் போல மூன்று, நான்கு மடங்கு விதைக்கிறோம். முளைப்புக் குறைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரபணுவோடு ஒட்டி வரும் காட்டுத்துண்டைச் சுருக்க நினைத்தால் எண்கள் ஏறும். மரபணுவின் ஒரு பக்கத்தில் 5 சென்டிமார்கனுக்குள் குறுக்கேற்றம் நடந்த செடி ஒன்று வேண்டுமானால், ஒரு மரபணுவுக்கு 182 நாற்று. கூடவே இரண்டாம் மரபணுவும் அதே செடியில் இருக்க வேண்டுமானால் 367.

6. கலப்பு செய்யுங்கள், பிகேஎம் 1 எப்போதும் பெண் பெற்றோராக

தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். மறுநாள் விரியவிருக்கும், இதழ்கள் வெளிர்மஞ்சளாகத் தொடங்கிய மொட்டைத் தேர்ந்து, கூம்பாக இணைந்த மகரந்தப்பைகளை இடுக்கியால் சூலகத்தைக் காயப்படுத்தாமல் நீக்குங்கள். இதழ் முழு மஞ்சளாகி விரிந்த பூவில் மகரந்தம் ஏற்கெனவே சூலகமுடியில் விழுந்திருக்கும், அதைத் தொட வேண்டாம். அதே கொத்தில் உள்ள மற்ற மொட்டுகளையும் பூக்களையும் கிள்ளிவிடுங்கள். மகரந்தம் தடவுவது காலை வேளையில். செடி மாற்றும்போதெல்லாம் இடுக்கியை ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள்.

இரவு வெப்பம் அதிகமாக உள்ள கோடையில் காய்பிடிப்பு வெகுவாகக் குறையும். கலப்புக்கான பூக்கள் ஏப்ரல், மே மாதங்களில் வராதபடி விதைப்பைத் திட்டமிடுவது நல்லது.

பெண் பெற்றோர் எது என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை, ஆனால் இந்த வேலையில் அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பிகேஎம் 1 பெண்ணாக இருந்து, மகரந்தப்பை நீக்கம் சரியாக நடக்காமல் தற்சேர்க்கை நேர்ந்தால், பிறக்கும் நாற்றில் எதிர்ப்புப் பட்டை இருக்காது. அது தானாகவே கழிந்துபோகும். பிற்கலப்புச் செடியைப் பெண்ணாக வைத்து அதே தவறு நேர்ந்தால், பிறக்கும் நாற்றுகளில் பாதி ஒற்றைப் பிரதியுடன் இருக்கும். மார்க்கரால் அவற்றை உண்மையான பிற்கலப்பு நாற்றிலிருந்து பிரிக்கவே முடியாது.

முதல் தலைமுறைக் கலப்பு நாற்றுகளையும் மார்க்கரால் பாருங்கள். இரு பட்டைகளும் இருந்தால்தான் அது உண்மையான கலப்பு.

7. நாற்றுப் பருவத்திலேயே இலை எடுங்கள்

குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் விதைத்து, இரண்டு மூன்று உண்மை இலைகள் வந்ததும் மாதிரி எடுங்கள். நடவுக்கு முன்பே முடிவு கையில் இருந்தால், வேண்டாத நாற்றுகளை நடாமலே கழித்துவிடலாம். இரு மரபணுக்கள் தேடும் பிற்கலப்பில் நான்கில் மூன்று பங்கு கழியும். வலைக்குடில் இடமும் தண்ணீரும் கூலியும் மிச்சமாவது இதனால்தான். பூக்கும்வரை முடிவு வராமல் இருந்தால், எந்தச் செடியின் மகரந்தத்தை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலக்க நேரும்.

முழு வேலையிலும் அதிக இழப்பு தருவது வேதியியல் அல்ல, பெயர்ச்சீட்டு. நாற்று எண், குழித்தட்டின் இடம், குழாயின் எண், 96 குழித் தட்டின் இடம் ஆகிய நான்கும் ஒரே அட்டவணையில், மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழியை வேண்டுமென்றே காலியாக விட்டு, அதன் இடத்தைத் தட்டுக்குத் தட்டு மாற்றுங்கள். தட்டு திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்தக் காலிக்குழி காட்டிக்கொடுத்துவிடும். பேனா மை ஆல்கஹாலில் கரையும், குழாய்மேல் பென்சிலால் எழுதுங்கள்.

இலைச்சுருள் அறிகுறி உள்ள செடியை 'நோய் இருக்கிறது, எதிர்ப்பு இல்லை' என்று இந்தக் கட்டத்தில் பிடுங்காதீர்கள். ஒற்றைப் பிரதியில் எதிர்ப்பு அரைகுறையாகத் தெரியலாம். பிற்கலப்புத் தலைமுறைகளைப் பூச்சிபுகா வலைக்குள் வளர்த்து, முடிவை மார்க்கரிடம் விடுங்கள்.

8. டிஎன்ஏ பிரித்தல், பிசிஆர்

இங்கே சுருக்கமாகச் செல்கிறேன், இதற்கான முறைகள் எல்லா ஆய்வகத்திலும் உள்ளன. 100 மில்லிகிராம் அளவு இளம் இலை, 2 விழுக்காடு சிடிஏபி கரைசல் (செல்லை உடைத்து டிஎன்ஏ-வை வெளிக்கொணர்வது), 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், குளோரோஃபார்ம் ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1, பின் ஐசோபுரோப்பனாலில் வீழ்படிவு, 70 விழுக்காடு எத்தனாலில் கழுவல். முதிர்ந்த இலையில் பாலிஃபீனாலும் சர்க்கரைச் சேர்மங்களும் மிகுந்து டிஎன்ஏ பழுப்பாகும், அப்போது பிசிஆர் நின்றுபோகும். அதனால்தான் இளம் இலை.

டிஎன்ஏ தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-க்கு அருகில் இருந்தால் போதும். ஒரு வினைக்கு 25 முதல் 50 நானோகிராம் டிஎன்ஏ. பட்டை வராதபோது புதியவர்கள் டிஎன்ஏ அளவைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது அதற்கு நேர்மாறானது. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், வினையை அடக்கிவைத்த மாசும் நீர்த்துப்போகும்.

சுழற்சி: 94 டிகிரியில் தொடக்கச் சூடாக்கல், பின் 94, 55, 72 டிகிரிகளில் 35 சுற்று, நீட்சிக்கு ஒரு நிமிடம். பிரைமருக்கேற்ப 55-ஐ முன்பின் நகர்த்துங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு ஒப்பீட்டு மாதிரிகள் கட்டாயம்: கொடையாளர், பிகேஎம் 1, இரண்டின் முதல் தலைமுறைக் கலப்பு, டிஎன்ஏ இல்லாத வெறும் நீர். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பிரதி எப்படித் தெரியும் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

9. ஜெல்லைப் படிப்பது

320, 450 பட்டைகளைப் பிரிக்க 1.5 முதல் 2 விழுக்காடு அகரோஸ் போதும். 800, 900 பட்டைகளுக்கு 2 விழுக்காடு ஜெல்லில், குறைந்த மின்னழுத்தத்தில், நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். அவசரமாக ஓட்டிய சிறிய ஜெல்லில் அவை இரண்டும் ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். அதை ஒற்றைப் பிரதி என்றும் இரட்டை என்றும் ஆளுக்கொன்றாகப் படிப்பார்கள்.

ஒற்றைப் பிரதிச் செடிகளில் மூன்றாவதாக ஒரு மெல்லிய பட்டை, எதிர்பார்த்த இரண்டுக்கும் மேலே தோன்றலாம். இரு நீளங்களின் இழைகள் தம்முள் இணைந்து மெதுவாக நகர்வதால் வருவது அது. மாசும் இல்லை, புதிய அல்லீலும் (மரபணு வடிவமும்) இல்லை. முதல் தலைமுறைக் கலப்பின் ஒப்பீட்டு மாதிரியிலும் அதே பட்டை இருந்தால் கவலையை விடலாம்.

இதைவிடத் தொல்லை தருவது ஒன்று. நீளம் குறைந்த துண்டு பிசிஆரில் எளிதாகப் பெருகும். பி6-25 போன்ற மார்க்கரில் 320 நோய்வாய்ப்படும் பட்டை. டிஎன்ஏ தரம் குறைந்தால் அது மட்டும் பளிச்சென்று வந்து, 450 மங்கி மறையும். ஒற்றைப் பிரதிச் செடி 'எதிர்ப்பு இல்லை' என்று கழிக்கப்பட்டுவிடும். மங்கலான குழிகளைக் கழிக்காமல் மறுபடி ஓட்டுங்கள்.

பட்டை இருந்தால் எதிர்ப்பு, இல்லையென்றால் நோய்வாய்ப்படும் என்று ஒரே ஒரு அல்லீலை மட்டும் காட்டும் மார்க்கர்களை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். பட்டை இல்லாததற்கு மரபணு இல்லாதது காரணமா, பிசிஆர் நடக்காதது காரணமா என்று தெரியாது. வேறு வழியில்லை என்றால், எல்லாச் செடியிலும் வரக்கூடிய வேறொரு பிரைமர் இணையை அதே குழாயில் சேர்த்து ஓட்டுங்கள்.

தட்டு முழுவதையும் படித்தபின் எண்ணிப் பாருங்கள். பிற்கலப்பில் ஒவ்வொரு மரபணுவும் ஏறத்தாழ பாதிக்குப் பாதியாக வர வேண்டும். 48 நாற்றில் 36-க்கு 12 என்று வந்தால் கைவர்க்கம் (எதிர்பார்த்த விகிதத்திலிருந்து உள்ள விலகலை அளக்கும் எண்) 12, அது 3.84 என்ற எல்லையைவிட வெகுவாக அதிகம். படிப்பதில் தவறா, தற்சேர்க்கை நடந்ததா, அல்லது காட்டுத்துண்டு காரணமாகப் பிரிகையே சாய்ந்ததா என்று தேடுங்கள். பிற்கலப்பில் இரட்டை எதிர்ப்புப் பிரதியாக ஒரே ஒரு நாற்று தெரிந்தாலும், அது மரபியல் படி வரவே கூடாதது. அந்தக் கலப்பின் பதிவேட்டைத் திரும்பப் பாருங்கள்.

10. பிற்கலப்புகளும் நிலைநிறுத்தலும்

ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்வுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மரபணு மார்க்கர்கள். அதில் தேறியவற்றில் மட்டும், மரபணுவின் ஓரத்தில் குறுக்கேற்றம் நடந்தவை. அவற்றில் மட்டும், மற்ற குரோமோசோம்களில் பிகேஎம் 1 பங்கு அதிகம் உள்ளவை. எல்லா நாற்றிலும் எல்லா மார்க்கரையும் ஓட்டினால் பணம் முதல் தலைமுறையிலேயே தீர்ந்துவிடும்.

தேர்வு எதுவும் இல்லாமலே பிகேஎம் 1-இன் சராசரிப் பங்கு முதல் பிற்கலப்பில் 75, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 விழுக்காடாகும். சராசரிக்கு மேலுள்ள செடிகளை மார்க்கரால் தேர்ந்தால் ஒரு பிற்கலப்பைச் சேமிக்கலாம். இதற்கு 12 குரோமோசோம்களிலும் பரவிய, இரு பெற்றோரிலும் வேறுபடும் மார்க்கர்கள் வேண்டும். பயிர்த்தக்காளிகளுக்குள் வேறுபாடு மிகக் குறைவு என்பதால், வாங்கும் எளிய தொடர்மீள் மார்க்கர்களில் பெரும்பகுதி இரு பெற்றோரிலும் ஒரே பட்டையைத் தரும். வசதி இருந்தால் ஒற்றைக் கார வேறுபாட்டு மார்க்கர்களுக்குச் செல்வது மேல்.

ஓரக் குறுக்கேற்றத்தை ஒரே தலைமுறையில் இருபுறமும் தேடாதீர்கள். இரண்டும் ஒரே செடியில் நடப்பது மிக அரிது. முதல் பிற்கலப்பில் ஒரு பக்கம், அடுத்ததில் மறுபக்கம் என்று போனால் எண்கள் கட்டுக்குள் இருக்கும். இரு மரபணுக்களுக்கும் ஒரே நேரத்தில் இதைச் செய்ய முயலாமல், தொல்லை அதிகமுள்ள 6-ஆம் குரோமோசோமை முதலில் எடுங்கள்.

அங்கே ஒரு தடை காத்திருக்கிறது. சொலானம் சிலென்ஸின் 6-ஆம் குரோமோசோமில் டிஒய்-1 பகுதியில் துண்டுகள் தலைகீழாகத் திரும்பியுள்ளன. அந்தப் பகுதிகளில் பயிர்த்தக்காளியின் குரோமோசோமோடு குறுக்கேற்றம் அடங்கியே இருக்கும். டிஒய்-2-ஐச் சுற்றியும் சிறிய அளவில் அப்படி ஒரு தலைகீழ்த் துண்டு உண்டு. ஆகவே எத்தனை நூறு நாற்று பார்த்தாலும் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் காட்டுத்துண்டு சுருங்காது. அந்த நிலையில் வேறு கொடையாளரிடமிருந்து ஏற்கெனவே சுருங்கிய துண்டைத் தேடுவதே அறிவுடைமை. வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் எம்ஐ-1 மரபணுவும் அதே 6-ஆம் குரோமோசோமில் அருகில் உள்ளது. உங்கள் மீள்பெற்றோரில் அது இருந்தால், டிஒய்-3 வரும்போது அது வெளியேறிவிட வாய்ப்புண்டு என்பதால் அதையும் மார்க்கரால் கவனியுங்கள்.

மூன்றாம் பிற்கலப்பு முடிந்ததும், இரு மரபணுக்களும் ஒற்றைப் பிரதியாக உள்ள சிறந்த சில செடிகளைத் தற்சேர்க்கைக்கு விடுங்கள். அடுத்த தலைமுறையில் பதினாறில் ஒன்று இரண்டிலும் இரட்டைப் பிரதியாக வரும். 72 நாற்று என்ற கணக்கு இதற்கானதுதான். இங்கே ஒற்றைப் பிரதியையும் இரட்டைப் பிரதியையும் பிரிக்கும் மார்க்கர் இல்லாதவர்கள், அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு குடும்பத்தையும் விதைத்துப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டிவரும். ஒரு பருவம் கூடுதலாகப் போகும்.

வலைக்குடிலில் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று தலைமுறை எடுக்கலாம். முதல் கலப்பிலிருந்து நிலைத்த செடி வரை இரண்டு முதல் மூன்று ஆண்டு என்று திட்டமிடுங்கள்.

11. வைரஸைக் கொடுத்துச் சோதியுங்கள்

மார்க்கர் மரபணுத்துண்டு இருப்பதைச் சொல்லும், அது இந்த மரபுப் பின்னணியில், இந்த வைரஸுக்கு எதிராக வேலை செய்கிறது என்று சொல்லாது. இந்தச் சோதனையைப் பகுதி 4-இல் கொடையாளருக்கும், இப்போது நிலைத்த வழிகளுக்கும் செய்ய வேண்டும்.

வைரஸ் இல்லாத வெள்ளை ஈக்களைப் பருத்திச் செடியில் வளர்த்து, நோயுற்ற தக்காளியில் 24 மணி நேரம் உண்ணவிட்டு, பின் இரண்டு இலைப் பருவ நாற்றில் செடிக்குப் பத்துக்குக் குறையாமல் விட்டு, 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பூச்சிமருந்தால் அழியுங்கள். நாற்று வயது முக்கியம். வயதான செடி எதிர்ப்பு இல்லாமலே தப்பிவிடும், அதை எதிர்ப்பு என்று எண்ணிவிடுவோம்.

பிகேஎம் 1 நாற்றுகளும், இந்தியச் சோதனைகளில் வழக்கமாக வைக்கும், எளிதில் நோய்வாய்ப்படும் பஞ்சாப் சுஹாரா இரக நாற்றுகளும் கூடவே இருக்கட்டும். அவற்றில் பெரும்பாலானவையும் சுருளாமல், உங்கள் வழிகளும் நன்றாக இருந்தால், அது சோதனையின் தோல்வி, இரகத்தின் வெற்றி அல்ல.

அறிகுறியை 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் வாரந்தோறும் குறியுங்கள்: அறிகுறியே இல்லாதது 0, வளர்ச்சி நின்று இலைகள் கிண்ணமாகக் குவிந்தது 4. அறிகுறி இல்லாத செடிகளிலும் வைரஸ் டிஎன்ஏ-வுக்குப் பிசிஆர் ஓட்டுங்கள். டிஒய்-1, டிஒய்-3 வைரஸைத் தடுத்து நிறுத்துவதில்லை, பெருகவிடாமல் அடக்குகின்றன. ஆகவே மெல்லிய பட்டை வருவது இயல்பே. அதைக் கண்டு நல்ல வழியைக் கழித்தவர்கள் உண்டு. முடிந்தால் அளவறியும் பிசிஆரில் பிகேஎம் 1-உடன் ஒப்பிடுங்கள்.

வெள்ளரி மொசைக் வைரஸ் சேர்ந்து தாக்கும்போது டிஒய்-1-இன் எதிர்ப்பு குலைகிறது என்பது 2014-இல் நிறுவப்பட்டது. வயலில் மார்க்கர் சரியாக உள்ள செடி சுருண்டிருந்தால், மரபணுவைச் சந்தேகிக்கும் முன் கூட்டுத்தொற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

12. வயலும் விதையும்

வலைக்குள் தேறியவற்றை வெள்ளை ஈ மிகும் கோடைப் பருவத்தில், பூச்சிமருந்து அடிக்காமல், இடையிடையே நோய்வாய்ப்படும் வரிசைகள் நட்டு, குறைந்தது இரண்டு இடங்களில் பாருங்கள். நோய்க் குறியீட்டோடு காயின் வடிவம், எடை, உறுதி, முதல் பறிப்பு நாள் ஆகியவற்றைப் பிகேஎம் 1-க்குப் பக்கத்தில் வைத்துக் குறியுங்கள். காய் சிறுத்தோ பறிப்பு தள்ளியோ போனால், காட்டுத்துண்டு நீளமாக இருக்கிறது என்ற ஐயம் சரியாக இருக்கலாம். வியாபாரி வாங்காத காயை, நோய் தாங்குகிறது என்பதற்காக விவசாயி இரண்டாம் முறை நடமாட்டார்.

கலப்பின விதைக்குப் பெற்றோராக இந்த வழியைப் பயன்படுத்துவதானால், டிஒய்-2 ஓங்கு தன்மையால் ஒரு பெற்றோரிடம் இருந்தாலே போதும். டிஒய்-3 அரைகுறை ஓங்கு தன்மை கொண்டது. நோய் அழுத்தம் கடுமையான ஊர்களுக்கு இரு பெற்றோரிடமும் இருப்பது பாதுகாப்பு.

விதைப் பெருக்கத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு தாய்ச்செடியையும் தனியே மார்க்கரால் சரிபார்த்து, அதன் விதையைத் தனிப் பொட்டலத்தில் எண்ணிட்டு வையுங்கள். விதைகளை ஒன்றாகக் கொட்டியபின் ஒரு ஒற்றைப் பிரதிச் செடி இடையில் இருந்தது தெரியவந்தால், பிரித்தெடுக்க வழியில்லை. பெருக்கிய விதையிலும், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பத்து நாற்றுகளை டி0302, பி6-25 இரண்டிலும் ஓட்டி, நோய்வாய்ப்படும் பட்டை எங்கும் இல்லை என்று பார்த்தபின் வெளியே கொடுங்கள்.